ஈரலை அறுத்துக் காட்டித் தருகிற கடை

பெரம்பூரிலிருந்து புளியந்தோப்பு போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன மட்டன் கடை பற்றி எழுதுகிறேன். ஏழு மாதமாக ஞாயிறு தவறாமல் அங்கேதான் வாங்குகிறோம். பெயரைப் போடலாமா என்று பாயிடம் கேட்டேன், "வேணாம்க்கா, இருக்கிற கூட்டத்துக்கே ஈரல் பத்தல" என்றார், அதனால் பெயர் போடவில்லை. வாசலில் இரண்டு படி, உள்ளே தேய்ந்து குழிவிழுந்த புளியமரக் கட்டை, கொக்கியில் ஈரக்குலை முழுசாகத் தொங்கும். நுரையீரல், இதயம், ஈரல் மூன்றும் ஒட்டியபடியே, மூச்சுக்குழாயில் மாட்டித் தொங்கும். நான் அந்தக் கடைக்குள் ஏறியதே அதைப் பார்த்துத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். என் தங்கை மகளுக்குப் பதினாறு வயது, போன வருஷம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்து 8.2 வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார், அம்மா தன் பங்குக்கு "வாரம் ஒரு தடவை ஈரல் குடுங்கடி" என்றார். இரும்பும் பி12ம் ஈரலில் நிறையவே இருக்கிறது, அதனால் நானும் மறுக்கவில்லை. அப்போது ஞாயிறு காலையில் கடைக்குப் போக யாருக்கும் நேரமில்லை என்று ஒரு ஆப்பில் ஆர்டர் போட்டோம். துண்டு போட்டு, டப்பாவில் அடைத்து, ஐஸ் பையோடு சுத்தபத்தமாக வந்தது. நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, அரை கிலோ டப்பாவைத் திறந்து அம்மா தட்டில் கொட்டியபோது ஒரு துண்டில் வெள்ளையாகத் தடித்த ஓடு மாதிரி ஒன்று, பாதி அறுபட்டு, உள்ளே மஞ்சளாகக் குழம்பிப்போய் இருந்தது. வாடை வேறு. அம்மா "கொழுப்புடி" என்றார். கொழுப்பு இல்லை, சீழ். படம் எடுத்து அனுப்பினேன், கஸ்டமர் கேரில் பேசிய பெண் வருத்தம் தெரிவித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிப் போட்டார்கள், கூடவே அடுத்த ஆர்டருக்கு ஒரு கூப்பன். அது என்ன கட்டி, எந்த ஆட்டில் இருந்து வந்தது, அதே ஈரலின் மிச்சத் துண்டுகள் எத்தனை வீட்டுக்குப் போயின என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். ஆட்டுக்குக் கட்டி வரும், அதில் யாரைக் குறை சொல்ல? ஆனால் ஈரலைத் துண்டு போட்ட ஆள் அதைக் கையில் பிடித்திருக்கிறார், கத்தி அதற்குள் போயிருக்கிறது, அப்புறமும் அது டப்பாவுக்குள் வந்திருக்கிறது.

நான் பதினான்கு வருஷமாக ஒரு ஆஸ்பத்திரி லேபில் கல்ச்சர் பிரிவில் வேலை பார்க்கிறேன். சீழ், சிறுநீர், ரத்தம் என்று தினமும் பிளேட்டில் தேய்த்து பாக்டீரியா வளர்க்கிற வேலை. அதனால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறந்துபோக முடியவில்லை. இனி ஈரல் வாங்கினால் முழு ஈரலாகக் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்து கடை தேட ஆரம்பித்தேன். நாலைந்து கடை ஏறி இறங்கினேன். பெரும்பாலான இடத்தில் ஈரல் ஏற்கெனவே துண்டாகி ஒரு தட்டில் கிடக்கும், ஈ மொய்க்கும், "முழுசா இருக்கா?" என்று கேட்டால் "எதுக்கும்மா, நல்ல ஈரல்தான்" என்பார்கள்.

இந்தக் கடையில் முதல் நாள் நடந்தது இது. "அரை கிலோ ஈரல் வேணும் பாய், அறுத்துக் காட்டிக் குடுங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. கொக்கியில் இருந்து ஈரக்குலையை இறக்கி, ஈரலை மட்டும் பிரித்து, முதலில் பித்தப்பையை உடையாமல் எடுத்துத் தனியாக வைத்தார். அப்புறம் இரண்டு கட்டை விரலாலும் ஈரலை முழுக்க அழுத்திக்கொண்டே போனார், மாவு பிசைகிற மாதிரி, மேலே ஒரு தடவை, திருப்பிப் போட்டு ஒரு தடவை. ஓர் இடத்தில் விரல் நின்றது. "இங்க கை வைச்சுப் பாருங்க" என்றார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, லேசாக ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். தொட்டால் மட்டும் உள்ளே நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ ஒன்று திமிறிக்கொண்டு நின்றது. அவர் அந்த ஈரலை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "அறுக்கலையா?" என்றேன். "இதைக் கட்டையில வச்சு அறுத்தா தண்ணி பீச்சும்க்கா, கட்டை பூரா ஆயிடும்" என்றார். லேபில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது.

மூன்றாவது வாரம் அப்படிப்பட்ட கட்டி இருந்த இரண்டு ஈரல்களைக் கேட்டு வாங்கினேன். காசு வாங்க மாட்டேன் என்று விட்டார். எங்கள் லேப் டாக்டரிடம் அனுமதி கேட்டு, ஞாயிறு டியூட்டியில், தேதி முடியப்போகிற பிளேட்டுகளில் போட்டுப் பார்த்தேன். முறை சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தப்பு செய்வார்கள்: கட்டியின் மேல்தோலில் கடையின் கத்தி, கை, கட்டை என்று எல்லாவற்றின் பாக்டீரியாவும் இருக்கும், அதனால் ஒரு ஸ்பேட்டுலாவைப் பழுக்கக் காய்ச்சி மேற்பரப்பைச் சுட்டுவிட்டு, சுட்ட இடத்தின் வழியாக ஊசியை விட்டு உள்ளே இருக்கிற நீரை மட்டும் உறிஞ்ச வேண்டும். ஆப்பில் வந்த அந்தத் துண்டை வளர்த்துப் பார்த்திருந்தால் அதில் என்ன வந்தாலும் அது கட்டியில் இருந்ததா, வெட்டிய கத்தியில் இருந்ததா என்று சொல்ல வழியே இல்லை.

முதல் கட்டி: நீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஊசியை எடுத்த பிறகு கட்டியைத் திறந்தேன். வெளியே ஈரல் தானாகக் கட்டிக்கொண்ட ஒரு தடித்த நார்ச்சுவர், அதற்குள் நுங்கு. உண்மையில் நுங்குதான், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை: அதே வெள்ளை, அதே வழவழப்பு, பாதி ஒளி ஊடுருவுகிற அதே தோல், விரலால் நெம்பினால் சுவரை விட்டு உரிந்து வருகிறது, உள்ளே நீர். அந்த நீரை ஒரு குழாயில் நிற்கவைத்தால் அடியில் பொடி மணல் மாதிரி படியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு மணலும் ஒரு குட்டிப் புழுத்தலை, அதில் வட்டமாகக் கொக்கிகள், ரோஜா முள் வடிவத்தில். ஹைடாடிட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். எகினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்கிற நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். இந்த நீரில் 48 மணி நேரம் கழித்தும் பிளேட்டில் எதுவும் வளரவில்லை.

இரண்டாவது கட்டி வெளியே பார்க்க அதே மாதிரிதான், அளவும் கிட்டத்தட்ட அதேதான். ஊசியில் வந்த நீர் கலங்கல், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி, அடியில் கெட்டியாக மஞ்சள். திறந்தால் நுங்குத் தோல் சுருங்கிக் கிழிந்து கிடந்தது, கொக்கிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும். மறுநாள் மெக்கான்கி பிளேட்டில் (குடல் பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டுகிற பிளேட்) ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது, ஈ.கோலை என்கிற குடல் பாக்டீரியா. பக்கத்தில் ரத்தம் கலந்த இன்னொரு பிளேட்டில் அதுவும் கூடவே ஸ்டஃபைலோகாக்கஸ் என்கிற வேறொரு பாக்டீரியாவும். ஒரே கடை, ஒரே நாள், இரண்டு ஆடு. ஒன்றில் புழு உயிரோடு, பாக்டீரியா இல்லை. இன்னொன்றில் பாக்டீரியா உள்ளே புகுந்து புழுவையே அழித்துவிட்டுக் கட்டியைச் சீழ்ப்பையாக மாற்றியிருக்கிறது. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும், நான் வைத்தது சாதாரணக் காற்றில் வளர்ப்பது, ஆக்சிஜன் இருந்தால் வளராத கிருமிகள் இதில் தெரியாது, அதனால் முதல் கட்டியில் எதுவுமே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆடு, மாடு, எருமை ஈரல்களில் இருந்து இப்படிக் கட்டி நீர் எடுத்து வளர்த்துப் பார்த்த வேலைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஈ.கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ், கிளெப்சியெல்லா, ப்ரோட்டியஸ், சூடோமோனாஸ் இவையெல்லாம் அடிக்கடி வருகிற பெயர்கள். பெரும்பாலானவை குடலில் குடியிருக்கிறவை. ஈரலுக்கு எப்படி வருகின்றன என்றால், குடலில் இருந்து கிளம்புகிற ரத்தம் முழுக்க போர்ட்டல் நாளம் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது, ஈரல்தான் சல்லடை. புழு முட்டையும் அதே பாதையில்தான் வருகிறது. ஆடு மேய்கிற புல்லில் நாயின் கழிவோடு விழுந்த முட்டை, வயிற்றில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, ஈரலில் சிக்கி அங்கேயே கட்டியாக உட்காருகிறது, அதிலும் தப்பியது நுரையீரலுக்குப் போகிறது. கட்டி பெரிதாகி ஒரு பித்தக்குழாயை அழுத்தினாலோ, அதற்குள் உடைந்தாலோ பாக்டீரியாவுக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி. உள்ளே இருக்கிறது சத்தான நீர், ஆட்டின் எதிர்ப்புச் சக்தி எளிதில் எட்டாத ஒரு பை. வேறென்ன வேண்டும் அதற்கு?

ஈரலில் இருக்கிற சீழெல்லாம் புழுவால் வந்ததும் இல்லை. தானியத்தை அளவுக்கு மீறிப் போட்டுக் கொழுக்கவைத்த மாடுகளில், வயிற்றில் அமிலம் ஏறி இரைப்பைச் சுவர் புண்ணாகி, ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம், ட்ரூபெரெல்லா பயோஜீனஸ் என்கிற இரண்டு பாக்டீரியாவும் ஈரலில் போய்ச் சீழ்க்கட்டி வைக்கும், அதில் புழுவே இருக்காது. இன்னொரு பக்கம், செம்மறி ஆட்டில் பிளாக் டிசீஸ் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஈரக்குலை நடுங்கியது. க்ளாஸ்ட்ரிடியம் நோவியை என்கிற மண் கிருமியின் வித்து நல்ல ஆட்டின் ஈரலில் ஒன்றும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கும். தட்டைப்புழுவின் குஞ்சுகள் ஈரலைக் குடைந்துகொண்டு போகும்போது பின்னால் செத்த சதையை விட்டுவிட்டுப் போகின்றன, அந்தச் சதையில் ஆக்சிஜன் இல்லை, வித்து அங்கே விழித்துக்கொண்டு நஞ்சைக் கொட்டுகிறது, நேற்று மேய்ந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். தோலை உரித்தால் உட்பக்கம் ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும், பெயர் அதனால் வந்தது. புழு ஒன்றும் அந்தக் கிருமியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, இடம் மட்டும் தயார் செய்து கொடுத்தது.

சரி, சாப்பிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் இதைச் சொன்னதும் தங்கை கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அந்த ஈரலைத் தின்னிருந்தா என் பொண்ணு வயித்துலயும் கட்டி வந்திருக்குமா?" வராது. ஈரலில் இருக்கிற கட்டி மனிதர் வயிற்றுக்குள் போனால் புழு வளராது, அது வளர நாயின் குடல் வேண்டும். நாய் அதைப் பச்சையாகத் தின்றால், சுமார் ஆறேழு வாரத்தில் அதன் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் ஆயிரக்கணக்கில் முதிர்ந்து முட்டை வெளியே வர ஆரம்பிக்கும். அந்த முட்டைதான் நமக்கு ஆபத்து. கையில், மண்ணில், பச்சையாகச் சாப்பிடுகிற கீரையில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் ஆட்டுக்கு நடந்தது நமக்கும் நடக்கும், பத்தில் ஏழு பேருக்கு ஈரலில், மீதியில் பெரும்பாலும் நுரையீரலில். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். உலகத்தில் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் 10 லட்சம் பேருக்கு மேல் இந்த வகைப் புழுநோயோடு இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் லேபுக்கு ஆபரேஷன் தியேட்டரில் இருந்து வருகிற அந்தக் கண்ணாடி நீரில் கொக்கியைத் தேடி நானே பார்த்திருக்கிறேன், ஆட்டில் பார்த்ததும் மனிதரில் பார்த்ததும் ஒன்றுதான். அறுவையின்போது கட்டி உள்ளே உடைந்தால் உடம்பு அலர்ஜியில் அதிர்ந்து உயிரே போகலாம், ஆபரேஷன் செய்கிறவர்கள் அவ்வளவு பயந்து பயந்து எடுப்பது அதனால்தான்.

புழுவால் ஆபத்து இல்லை என்பதற்காகக் கட்டி ஈரலைச் சமைத்துவிடலாம் என்று அர்த்தம் எடுக்காதீர்கள். சீழ் பிடித்த கட்டியைக் கட்டையில் வைத்து அறுத்தால் அந்த பாக்டீரியா கத்தி, கட்டை, அடுத்து வெட்டுகிற நெஞ்சுக்கறி, வீட்டில் தட்டு, பக்கத்தில் நறுக்கிவைத்த வெங்காயம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஈ.கோலை சூட்டில் செத்துப்போகும், ஈரலின் நடுப்பகுதி 71 டிகிரி வரை சூடேறினால் போதும், உள்ளே ரோஸ் நிறம் மிச்சமில்லாமல் வெந்திருக்க வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் அப்படி இல்லை. வெளியே வைத்த ஈரலில் அதன் சில வகைகள் பெருகி நஞ்சைவிட்டால், நீங்கள் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கிருமிதான் சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். காலை ஆறு மணிக்கு வாங்கிய ஈரலைப் பதினோரு மணிவரை சமையலறை மேடையில் வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது, இப்போது நிறுத்திவிட்டோம். சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரலை) நெருப்பில் லேசாக வாட்டி, உள்ளே ரத்தத்தோடு பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, ரத்தம் ஊறும் என்று, அதையும் அம்மாவிடம் பேசி நிறுத்தினேன், அதற்கு ஒரு மாதம் ஆனது. ஈரல் ரப்பராகிவிடும் என்று பயந்து அரைவேக்காட்டில் இறக்குகிறவர்களுக்கு: சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு, உப்பைக் கடைசியில் சேர்த்து, மிளகுத்தூளோடு மூடிவைத்து வேகவிடுங்கள், மெத்தென்றுதான் இருக்கும்.

இனி கடையைப் பற்றி, நான் முக்கியமாகச் சொல்லவந்தது. ஓரமாக வைத்த அந்தக் கெட்ட ஈரல்கள் எங்கே போகின்றன என்று பார்த்தேன். கட்டைக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு நீல டிரம். அதில் போட்டு மேலே கெட்டியாக பினாயில் ஊற்றுகிறார். எதற்கு பினாயில் என்று கேட்டேன். "நாய் மோந்துகூடப் பார்க்கக் கூடாதுக்கா, அதுக்குத்தான். இது தெருவுல போச்சுன்னா திரும்ப ஆட்டுக்கே வரும்னு எங்க அப்பாவுக்கு கார்ப்பரேஷன் டாக்டர் ஒருத்தர் சொன்னாராம், நாப்பது வருஷம் முன்னாடி." நான் அங்கே நிற்கும்போதே ஒரு பையன் பைக்கில் வந்து, வீட்டு நாய்க்கு என்று கழிவு ஈரல் இருக்கிறதா, கிலோ ஐம்பது ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டான். ஞாயிறு காலையில் சும்மா வருகிற நூறு இருநூறு ரூபாயை எந்த வியாபாரி விடுவார்? பாய் இல்லை என்றுவிட்டார். பையன் விடவில்லை, டிரம்மைப் பார்த்துவிட்டு "அது என்ன பாய்?" என்றான். பாய் எலும்பு கொஞ்சம் எடுத்துச் சும்மாவே கொடுத்து, "வேக வச்சுப் போடு தம்பி, பச்சையா எதையும் போடாத. வேப்பேரிக்குக் கூட்டிப்போய் பூச்சி மருந்து குடுத்தியா?" என்று கேட்டார். வேப்பேரி என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903இல் தொடங்கியது. நாய்க்கு நாடாப்புழுவுக்கான மருந்து பிரசிகுவான்டல், அதைக் குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள், எல்லாப் பூச்சி மருந்திலும் அது இருக்காது.

சென்னையில் 2024 கணக்கெடுப்பின்படி தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். கறிக்கடை வாசலில் எந்நேரமும் நாலு நாய் படுத்திருப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. நான் நாய்க்கு எதிரி கிடையாது, எங்கள் தெருவில் இரண்டுக்கு நானும்தான் சோறு வைக்கிறேன். கடைக்காரர் கட்டையில் இருந்து எதைத் தெருவில் வீசுகிறார் என்பதுதான் என் கவலை. இறைச்சி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், டைல்ஸ் எவ்வளவு பளபளத்தாலும், கட்டி பிடித்த ஈரலை வாசலில் வீசுகிற கடையில் நான் இனி வாங்க மாட்டேன். நீங்களும் ஒரு ஞாயிறு பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கவில்லை. முதல் இரண்டு மாதம் சந்தேகப்பட்ட ஈரலை எடுத்த கையோடும் அதே கத்தியோடும் அடுத்த கறியை வெட்டினார். சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, அடுத்த வாரம் பார்த்தால் ஈரலுக்குத் தனிக் கத்தி, பக்கத்தில் மின்சாரக் கெட்டிலில் வெந்நீர். பெரிய இறைச்சிக்கூடங்களில் கத்தியை 82 டிகிரி நீரில் முக்கி எடுப்பார்கள், இவரிடம் வெப்பமானி இல்லை, ஆவி பறக்கப் பறக்க முக்குகிறார். புளியமரக் கட்டையின் குழியில் ஈரம் தங்குகிறது, இரவு உப்பு போட்டுத் தேய்க்கிறேன் என்கிறார், ஆனாலும் கட்டையை இழைத்துச் சமன் செய்யவேண்டும், அது இன்னும் நடக்கவில்லை. சந்தேகமான ஈரலை டிரம்மில் போட்ட பிறகு அது எங்கே போகிறது என்று கேட்டேன். மாநகராட்சி வண்டியில் தனியாகக் கட்டிக் கொடுக்கிறார், அதற்குமேல் அவர் கையில் இல்லை. எரிப்பதோ ஆழப் புதைப்பதோ சரியான வழி, அதற்கு ஏற்பாடு ஒரு சின்னக் கடைக்காரரால் செய்யமுடியாது.

கறி மாநகராட்சி இறைச்சிக்கூடத்தில் அறுத்தது, தொடையில் முத்திரை இருக்கும், கேட்டால் திருப்பிக் காட்டுவார். ஆனால் முத்திரை தொடையில்தான், ஈரலில் கிடையாது. 2001இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஒரு கால்நடை மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 ஆட்டுக்கு மேலோ ஒரு நாளில் 96க்கு மேலோ பரிசோதிக்கக் கூடாது, அந்த எண்ணிக்கையோடு நிறுத்தினால்தான் ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்பதற்காக. சென்னையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்குக்கு எத்தனை மருத்துவர்கள் வேண்டும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் கடைசியில் கட்டையில் நிற்கிற ஆளின் கட்டை விரல் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

இன்னொன்று, கட்டியெல்லாம் ஹைடாடிட் இல்லை. வெள்ளாட்டு ஈரலின் ஓரத்திலும் கொழுப்புச் சவ்விலும் பலூன் மாதிரி தொங்குகிற நீர்ப்பை அடிக்கடி வரும், உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது வேறொரு நாய்ப்புழுவின் குஞ்சு, மனிதரை ஒன்றும் செய்யாது. பாய் அதை ஈரலோடு சேர்க்காமல் பிய்த்து அதே டிரம்மில் போடுகிறார், நாய்க்கு அதுவும் கூடாது என்பதால். பெரிய ஹைடாடிட் கட்டி வயதான செம்மறியில்தான் அதிகம், மெதுவாக வளர்கிற பை அது. எனவே இளங்கறி என்று சொல்லி விற்ற ஆட்டின் ஈரலில் எலுமிச்சை அளவு கட்டி இருந்தால் வயதைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் கடையில் கிழ ஆடு வந்தால் கிழம் என்றே சொல்லி விலை குறைத்துப் போடுகிறார், இரண்டு தடவை பார்த்தேன்.

விலை மற்ற கடையைவிட கிலோவுக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் அதிகம். ஒதுக்கிய ஈரல் அவருக்கு நஷ்டம், அதை எங்கேயாவது ஈடுகட்டத்தானே வேண்டும், நான் மனதாரக் கொடுக்கிறேன். காலை ஐந்தரைக்குத் திறக்கிறார், ஈரல் எட்டு மணிக்குமேல் கிடைக்காது. துண்டு போட்ட ஈரல் முன்கூட்டியே வைப்பதில்லை, கேட்ட பிறகுதான் அறுப்பார், அதனால் வரிசை மெதுவாக நகரும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை கிடையாது, மந்தார இலையில் கட்டித் தருவார், வீட்டில் இருந்து மூடியுள்ள தூக்கு கொண்டுபோனால் நல்லது. வண்டி நிறுத்த இடமில்லை. போன் பண்ணி எடுத்து வைக்கச் சொன்னால் "வந்து பார்த்து வாங்குங்க" என்பார்.

தங்கை மகளின் ஹீமோகுளோபின் போன மாதம் 11.4. மாத்திரையின் வேலைதான் பெரும்பாலும், தெரியும். போன ஞாயிறு அவளையும் கூட்டிப்போனேன். பாய் ஒரு ஈரலை எடுத்து அவள் கையில் கொடுத்து, கட்டை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். மேலே ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை, பொறுமையாகப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல அங்கிள்" என்றாள். அவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைத்தார்.